பத்து நிமிஷத்துல வண்டி வரும்

உங்க ட்ரெய்னிங் ரூம் சுவத்துல ஒரு போஸ்டர் பாத்தேன். கார்ல ஒருத்தர் தனியா உக்காந்துக்கிட்டு மூஞ்சியைச் சுளிக்கறார். பக்கத்துல போற பஸ்ஸுல இருக்கற அத்தனை பேரும் பல்லைக் காட்டிச் சிரிக்கறாங்க. நான் என் சர்வீஸ் முழுக்க பஸ்ஸோடதான் குப்பை கொட்டினேன். பஸ்ஸுல யாரும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சீட்டு கெடச்சா தூங்குவாங்க, கெடைக்கலன்னா போனைப் பாப்பாங்க. அந்த போஸ்டரைப் பாத்துட்டுக் கார்க்காரன் எவனும் எறங்கி வரமாட்டான், எழுதி வச்சுக்குங்க.

பஸ் கம்பெனி வேலைக்குப் புதுசா சேந்த உங்களுக்காக என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பாதியில நிறுத்திட்டேன். மீதியை எழுதிக் குடுங்க மேடம்னு உங்கள்ல ஒரு பொண்ணு கேட்டுது. எழுதறேன். ஆனா கேக்கறதுக்கு நல்லா இருக்காது, முன்னாடியே சொல்லிடறேன்.

நான் கோலார் தங்கவயல் பொண்ணு. சுரங்கத்தை மூடினப்புறம் எங்க ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே ரயில் ஏறி பெங்களூருக்கு ஓடி வந்து பொழச்சவங்க. நானும் அப்படித்தான் பீன்யாவுல ஒரு பஸ் கம்பெனியில சேந்தேன். தொழிற்சாலை ஆளுங்களைக் காலையில ஏத்திக்கிட்டுப் போய் சாயங்காலம் கொண்டுவந்து விடற வண்டிங்க. அங்க கன்ட்ரோல் ரூம்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. வண்டி பஞ்சர் ஆனாலும் சரி, டிரைவர் வரலன்னாலும் சரி, காத்திருக்கற ஆளுங்களுக்கு ஒரே பதில்தான்: "பத்து நிமிஷத்துல வண்டி வரும்." பத்து நிமிஷம் கழிச்சுக் கேட்டா மறுபடியும் பத்து நிமிஷம். இல்லன்னு மட்டும் வாய் வராது. இல்லன்னு சொன்னா சண்டை, வரும்னு சொன்னா சண்டை இல்ல. அவ்வளவுதான் கணக்கு. அந்த ஜனங்களும் நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க, வேற வழி கெடையாது பாருங்க. அதனால அந்தப் பொய் அங்க செல்லுபடியாச்சு.

அப்புறம் முதலாளிக்கு ஐ.டி. கம்பெனிங்க மேல ஆசை வந்துச்சு. சர்ஜாபுரா ரோடு அபார்ட்மெண்ட்லேருந்து ரிங் ரோடு ஆபீசுங்களுக்கு ஏ.சி. பஸ் விட்டாங்க. தெனமும் கார் எடுத்துக்கிட்டுப் போறவங்களைப் பஸ்ஸுக்கு இழுக்கற வேலையை என் தலையில கட்டினாங்க. "எஸ்தர் மேடம், உங்களுக்கு வாய் இருக்குது, போங்க"ன்னாரு மேனேஜர். வண்டி, டிரைவர் எல்லாம் புதுசு. கன்ட்ரோல் ரூம் மட்டும் அதே பீன்யா கன்ட்ரோல் ரூம். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்குங்க.

அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸ்ல மீட்டிங் போட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் தலையாட்டுவாங்க, காபி குடிப்பாங்க, மறுநாள் கார்ல போவாங்க. அதனால நான் மீட்டிங்கை விட்டுட்டு பேஸ்மெண்டுக்குப் போயிட்டேன். காலையில கார் எடுக்க வர்ற எடத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டியா பாப்பேன். பின் சீட்டுல குழந்தை சீட் கட்டியிருந்தா ஸ்கூல்ல விட்டுட்டுப் போறவங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணிப் பிரயோஜனம் இல்ல. டேஷ்போர்டுல மாத்திரை பட்டை கெடந்தா முதுகு வலிக்காரர், நம்ம பஸ்ஸுல சாஞ்சுக்கற சீட்டுன்னு அவர்கிட்ட சொல்லலாம். கார் ஏன் எடுக்கறீங்கன்னு வாய்விட்டுக் கேட்டா யாரும் உண்மையைச் சொல்றதில்ல. கார்கிட்ட கேட்டாத்தான் கொஞ்சம் சொல்லும்.

அப்படிப் பாத்ததுதான் சீனிவாசன் சாரோட கார்.

ஐம்பது தாண்டினவர், திருச்சிப் பக்கம், பெரிய கம்பெனியில டீம் நடத்தறவர். என்னைப் பாத்தாலே, "பஸ் எல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா"ன்னு கையை ஆட்டிட்டுப் போயிடுவார். மரியாதையான மனுஷன், முகம் சுளிக்கமாட்டார். ஆனா அவர் காரோட வலது பக்கம் ஷோரூம்லேருந்து எடுத்த மாதிரி இருக்கும், இடது பக்கம் முழுக்கக் கீறல். இடது கண்ணாடி மட்டும் வேற கலர்ல புதுசா மாட்டியிருந்துது. நான் ஒரு நாள் அவருக்கு இடது பக்கமா நின்னு வணக்கம் சொன்னேன். மனுஷன் உடம்போட சேத்துத் தலையை முழுசாத் திருப்பித்தான் என்னைத் தேடினார். எனக்கு உடனே புரிஞ்சுது. ஏன்னா எங்கப்பா சுரங்கத்துல ஒரு கண்ணைத் தொலைச்சவர். சாகற வரைக்கும் எங்களை அப்படித்தான் திரும்பிப் பாத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இடது கண்ணு எப்பலேருந்து தெரியல?"

"என்னம்மா உளர்றீங்க?"

"கார் சொல்லுது சார்."

கோவமா வாயைத் திறந்தவர், அப்படியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். அப்புறம் கொரலைத் தாழ்த்திச் சொன்னார். கண்ணுல பிரஷர்னு டாக்டர் சொல்லிட்டாராம். இடது கண்ணு போயே போச்சு, வலது கண்ணும் ஓரத்துலேருந்து கொறைஞ்சுக்கிட்டே வருதாம். ஓட்டக்கூடாதுன்னு சொல்லியாச்சு. வீட்டம்மாவுக்கே தெரியாது.

"ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைத்தான் மொதல்ல அனுப்புவாங்கம்மா. நேத்து வரைக்கும் கார்ல வந்தவன் இன்னிக்கு பஸ்ல வந்தா, ஏன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேட்டா ட்ராபிக்னு சொல்லுங்க சார். இந்த ஊர்ல அதை நம்பாதவன் யாரு? ஆனா நாளைக்கு நீங்க இந்த வண்டியை எடுத்தா, நான் நேரா மேல ஏறிப் போய் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுவேன்."

நான் சும்மா மிரட்டல. சொல்லித்தான் இருப்பேன். அவருக்கும் அது புரிஞ்சுது. சாயங்காலம் அவரே வீட்டுல சொல்லிட்டார். அந்தம்மா எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. கார் சாவியை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்னாங்க. கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "வண்டி தெனமும் வந்துடும்ல மேடம்?"

"வந்துடும்மா. நான் பொறுப்பு"ன்னேன்.

அந்த ஸ்டாப்ல இன்னொருத்தியும் ஏறுவா. பேர் செல்வி. அதே அபார்ட்மெண்ட்ல ரெண்டு வீட்டுல காலைச் சமையலை முடிச்சுட்டு, ரிங் ரோடு ஓரத்துல இன்னொரு வீட்டுக்குச் சமைக்க ஓடறவ. திருவண்ணாமலைப் பக்கத்துப் பொண்ணு, வாயாடி. பஸ்ஸுல சீட்டு காலியாத்தானே போகுதுன்னு நான்தான் அவளுக்கு பாஸ் போட்டுக் குடுத்தேன். அதுக்கு என்ன கூச்சல்ங்கறீங்க! "வேலைக்காரங்க ஏறினா இது எங்க பஸ் எப்படி மேடம்?"னு படிச்ச ஜனங்க கேட்டுதுங்க. அன்னிக்கு பஸ்ஸுக்குள்ள சீனிவாசன் சார்தான் எந்திரிச்சு, "இங்க என் பக்கத்துல உக்காரும்மா"ன்னு சொன்னார். அதோட அந்தக் கூச்சல் நின்னுது.

அன்னியிலேருந்து அவர் வலது பக்கம், அவ இடது பக்கம். "சார், படி ஒசரமா இருக்குது", "சார், இடது கைப்பக்கம் பை கெடக்குது, மிதிச்சுடாதீங்க"ன்னு அவ சொல்லிக்கிட்டே வருவா. யாரும் அவளுக்கு எதையும் சொல்லல, தானாவே கண்டுபிடிச்சுக்கிட்டா. எதிர்ல வர்ற வண்டி, கடைக்காரன், மாடு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம வர்ணிப்பா. அவருக்கு அது பிடிச்சிருந்துது. "இவ இருந்தா எனக்கு ஜன்னல் தேவையில்ல மேடம்"னார் ஒரு தடவை. மாசக்கணக்கா அப்படியே ஓடுச்சு. என் வேலையில நான் உருப்படியா செஞ்ச காரியம் இதுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அந்தக் காலையில தூறல். நான் அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி வேற ஒரு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள சிக்னல் இல்ல; வெளிய வந்து போனைப் பாத்தா, பஸ் பயணிங்க வாட்ஸ்அப் குரூப்புல கன்ட்ரோல் ரூம்லேருந்து ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்திருந்துச்சு. "ட்ராபிக் காரணமாக தாமதம். பத்து நிமிஷத்தில் வண்டி வரும்." எனக்குச் சுருக்குன்னுது. பீன்யாவுல அந்த வார்த்தையோடவே வேலை பாத்தவ நான். மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"வண்டி எங்க சார்?"

"அத்திபெலே பக்கம் சமாவேஷா, பெரிய பொதுக்கூட்டம் மேடம். கட்சி ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போகணும்னு முதலாளிக்குத் தலைவர் வீட்டுலேருந்தே போன். எல்லா வண்டியும் விடியகாலையிலேயே போயிடுச்சு."

"அப்ப இங்க வண்டியே இல்ல. இல்லன்னு போட வேண்டியதுதானே?"

"இல்லன்னு போட்டா நாளையிலேருந்து எல்லாரும் கார்ல போவாங்க மேடம். நின்னு பாத்துட்டு அவங்களே ஏதாவது பண்ணிக்குவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் கொஞ்சம் அனுசரிச்சுக்கோன்னு இந்த ஒரு வார்த்தை. எனக்கு வந்த ஆத்திரத்துல போனைக் கட் பண்ணிட்டேன். அவர் கூடப் பேசறதுக்கு அது நேரமில்ல. குரூப்புல நானே போட்டேன்: "இன்னிக்கு வண்டி வராது. வேற வழி பாத்துக்குங்க. எஸ்தர்." உடனே சீனிவாசன் சாருக்குப் போன் பண்ணேன். அடிக்குது, எடுக்கல. மறுபடியும் பண்ணேன், எடுக்கல. வீட்டம்மாவுக்குப் பண்ணேன்.

"பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு ரெண்டு தடவை வந்துச்சு மேடம். நின்னு நின்னு பாத்தார். கேப் புக் பண்ணா ஒருத்தன் பின்னால ஒருத்தனா கேன்சல் பண்றான். இன்னிக்கு ஆபீஸ்ல ஆள் குறைக்கற மீட்டிங். லேட்டாப் போனா என் பேரைத்தான் சொல்லுவாங்கன்னு மேல வந்து பீரோவை ஒடைக்காத கொறையா கத்தினார். இன்னிக்கு ஒரு நாள்தானேன்னு..."

சாவியைக் குடுத்துட்டாங்க.

கெடச்ச ஆட்டோவுல ஏறினேன். அவர் ஆபீசுக்குப் போற சர்வீஸ் ரோடு பக்கம் போப்பான்னேன். குழாய் போடறதுக்குன்னு நடைபாதை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தாங்க, நடக்கற ஜனம் எல்லாம் ரோட்டு ஓரத்துல தண்ணியில மிதிச்சுக்கிட்டுப் போகுது. ஒரு வளைவு தாண்டினதும் வண்டிங்க நின்னுடுச்சு. முன்னால கூட்டம். நான் எறங்கி ஓடினேன். ஆண்டவரே அவரா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் ஓடினேன்.

அவர்தான். கார் குறுக்கால நின்னுது. இடது பக்க விளக்கு நொறுங்கியிருந்துது. அவர் மழையில கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார், யாரோ சட்டையைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டிருந்தாங்க. அடிபட்ட ஆளை அப்பத்தான் ஒரு சரக்கு வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருந்தாங்க. கீழ ஒரு சாப்பாட்டுக் கூடை கவுந்து கெடந்துச்சு. பச்சைக் கலர், ஒரு கைப்பிடி அறுந்து துணி கட்டினது. தெனமும் நம்ம பஸ்ஸுல அவர் சீட்டுக்குக் கீழ இருக்கற கூடை. நான் குனிஞ்சு அதை நிமித்தி வச்சேன்.

என் குரலைக் கேட்டதும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"எஸ்தர் மேடமா? மேடம், யாரை இடிச்சேன்னு சொல்லுங்க. எல்லாரும் அடிக்கறாங்களே ஒழிய சொல்லமாட்டேங்கறாங்க. ஆம்பளையா பொம்பளையா? சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியல. சத்தம்தான் கேட்டுது."

சொல்லாம இருந்திருக்கலாம். அந்தச் சமயத்துல ஒரு பொய் சொல்லிட்டு, அப்புறமா பக்குவமா சொல்லியிருக்கலாம்னு பல பேர் என்கிட்ட சொன்னாங்க. ஆனா அன்னிக்குக் காலையிலேருந்து அந்த மனுஷன் கேட்டது எல்லாம் பொய். நானும் ஒண்ணு சேத்து வைக்க எனக்கு மனசு வரல.

"நம்ம செல்வி சார்."

அவர் அழல. கையை நீட்டி இடது பக்கக் காத்துல எதையோ தேடினார். அப்புறம் ரோட்டுலயே உக்காந்துட்டார்.

பஸ் வரலன்னதும் அவர்கிட்ட கார் இருந்துச்சு, அவளுக்குக் கால்தான் இருந்துச்சு. லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு ரிங் ரோடு வீட்டுக்காரங்க சொல்லியிருந்தாங்களாம், அதனால நடக்க ஆரம்பிச்சுட்டா. ஒரே பஸ்ஸுல ஒரே சீட்டுல பக்கத்துப் பக்கத்துல போயிருக்க வேண்டியவங்க ரெண்டு பேரும்.

கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? வண்டி வராதுன்னு நான் போட்ட மெசேஜாலதான் அவர் கார் எடுத்தார்னு எழுதி வச்சு என்னை வீட்டுக்கு அனுப்புச்சு. என் மெசேஜ் போறதுக்கு முன்னாடியே அவர் கெளம்பிட்டார்னு வீட்டம்மா நேர்ல வந்து சொன்னாங்க. கேக்க ஆளில்ல. கன்ட்ரோல் ரூம் போட்ட பத்து நிமிஷத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல, ஏன்னா அது அவங்களுக்குப் பொய்யாவே தோணல. எப்பவும் போடறதுதானே. அப்புறம் நான் வேற எடத்துல வேலை பாத்து, ரிடையரும் ஆயிட்டேன்.

சீனிவாசன் சாருக்கு வேலை போச்சு, லைசென்ஸ் போச்சு, கேஸ் நடக்குது. காரை வித்து செல்வியோட ஆஸ்பத்திரிக்குக் கட்டினாங்க. அவர் இப்ப எங்க போனாலும் பஸ்தான். நான் கார்லேருந்து பஸ்ஸுக்கு ஒரேயடியா மாத்தின ஆள் யாருன்னு என்னைக் கேட்டா, அவரைத்தான் சொல்லணும்.

செல்விக்கு முட்டிக்குக் கீழ ஒரு காலை எடுத்துட்டாங்க. பொது வார்டுல கெடந்தா. நான் போறப்பல்லாம் சீனிவாசன் சார் வராந்தா பெஞ்சுல உக்காந்திருப்பார், உள்ள வரமாட்டார். எப்படி வந்தீங்கன்னு கேட்டா, ரெண்டு பஸ் மாறி வந்தேன்னு சொல்லுவார். கேஸை விட்டுக் குடுத்துடுன்னு அவளைக் கேக்க எனக்கு வாய் வரல. திட்டித் தீர்த்துடு, மனசு ஆறட்டும்னு சொல்லப் போனேன்.

"என்ன நடந்துச்சு செல்வி? சத்தம் கேக்கலியா உனக்கு?"

"கேட்டுது அக்கா. திரும்பிப் பாத்தேனே. சார் கார்னு தெரிஞ்சுது. பேஸ்மெண்ட்ல தெனமும் பாக்கற காரு தானே."

"அப்புறம் ஏன் ஒதுங்கல?"

அவ மொகத்துல அப்ப ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. வெக்கப்பட்ட சிரிப்பு. ஏதோ முட்டாள்தனம் பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி.

"சார் தானே, ஏத்திக்குவாருன்னு நெனச்சேன் அக்கா. ரெண்டு அடி முன்னால வந்து கை காட்டினேன். அவருக்கு அந்தப் பக்கம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெனமும் நான்தானே சொல்லிக்கிட்டு வருவேன். அந்த நேரம் பாத்து மறந்துட்டேன். சார் மேல ஒண்ணும் தப்பில்லன்னு சொல்லிடுங்க அக்கா, பாவம், வெளியிலயே உக்காந்திருக்காரு."

நான் வெளிய வந்தேன். பெஞ்சுல அவர் தலையை முழுசாத் திருப்பி என்னைப் பாத்தார். செல்வி என்ன சொன்னான்னு கேட்டார். உங்க மேல தப்பில்லன்னு சொன்னாள்னு மட்டும் சொன்னேன். கை காட்டினதைச் சொல்லல. இது வரைக்கும் சொல்லல, இனிமேலும் சொல்லமாட்டேன். அவர்கிட்ட நான் மறைச்சது அது ஒண்ணுதான்.

உங்களுக்குச் சொல்லிட்டேன். இன்னிக்கோ நாளைக்கோ உங்க கன்ட்ரோல் ரூம்ல வண்டி இருக்காது, யாரோ ஒருத்தர் பழக்க தோஷத்துல "பத்து நிமிஷம்"னு டைப் பண்ண ஆரம்பிப்பாங்க. அப்ப உங்களுக்கு அந்த போஸ்டர்ல சிரிக்கற மொகங்க ஞாபகம் வரவேணாம். மழையில ரோட்டு ஓரமா நின்னு, தெரிஞ்ச காரைப் பாத்து ஒருத்தி கை காட்டினா. அது ஞாபகம் வரட்டும்.